மூடிய உலையைத் திறந்த நாடு



1991-இல் சோவியத் ஒன்றியம் 15 நாடுகளாகப் பிரிந்தது. வகுப்பில் இதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் நம் வீடுகளில் பாகம் பிரித்தால் கிணறு யாருக்கு, பொதுவழி யாருக்கு என்று எத்தனை வழக்கு வருகிறது! அங்கே மின்கம்பி, எரிவாயுக் குழாய், ரயில் பாதை எல்லாமே பொதுக்கிணறுதான். அந்தப் பிரிவினையில் மிகவும் அடிபட்டவர்களில் ஒருவர் ஆர்மீனியர்.

ஆர்மீனியர் நமக்கு அந்நியர் இல்லை. சென்னை அரண்மனைக்காரன் தெருவில் அவர்களுடைய தேவாலயம் இன்றும் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794-இல் அச்சானதும் மதராசில்தான். கடல் கடந்து வணிகம் செய்த இந்த இனத்தின் இன்றைய நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. எண்ணெயோ எரிவாயுவோ நிலத்தடியில் கிடைப்பதில்லை.

தலைநகர் யெரெவானுக்கு மேற்கே சுமார் 30 கி.மீ. தூரத்தில் மெட்சமோர் அணுமின் நிலையம். 1988 டிசம்பர் 7-இல் ஸ்பிடாக் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 25,000 பேர் மாண்டார்கள். மெட்சமோர் உலைகளுக்குச் சேதமில்லை. ஆனால் செர்னோபில் வெடித்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. மக்கள் பயந்தார்கள். 1989 தொடக்கத்தில் இரண்டு உலைகளையும் மூடினார்கள்.

அன்றைக்கு அது நியாயமான முடிவு என்றே நான் நினைக்கிறேன். குறையும் மின்சாரத்தை ஒன்றியத்தின் மற்றக் குடியரசுகள் அனுப்பும் என்ற நம்பிக்கை இருந்தது. இரண்டே ஆண்டில் அந்த ஒன்றியமே இல்லாமல் போகும் என்று யார் கண்டது?

அதற்குள் கராபாக் போர். அஜர்பைஜான் ரயிலையும் எரிவாயுவையும் நிறுத்தியது. ஆர்மீனியாவின் ரயில் சரக்கில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. 1993-இல் துருக்கியும் எல்லையை மூடியது. மிச்சமிருந்தது ஜார்ஜியா வழியாக வரும் ஒரு குழாய். அதையும் அடிக்கடி வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

1992 முதல் 1995 வரையான குளிர்காலங்களை அவர்கள் 'இருண்ட, குளிர்ந்த ஆண்டுகள்' என்கிறார்கள். நாளைக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் மின்சாரம். வெளியே உறைபனி. அடுக்குமாடி வீடுகளுக்கு வெந்நீர்க் குழாயில் வந்த சூடும் நின்றது. ஜன்னல் வழியே புகைபோக்கி நீட்டிய தகர அடுப்பில் நாற்காலியும் புத்தகமும் எரிந்தன. யெரெவானின் மரங்கள் விறகாயின. குளிர்காலத்தில் பள்ளிகளையும் மூடினார்கள். லட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டே போனார்கள்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது செவான் ஏரி. நீர்மின்சாரத்துக்காகவும் பாசனத்துக்காகவும் சோவியத் காலத்திலேயே அதன் மட்டத்தைச் சுமார் 19 மீட்டர் இறக்கிவிட்டிருந்தார்கள். பிறகு வருந்தி, 48 கி.மீ. சுரங்கம் குடைந்து அர்ப்பா ஆற்று நீரைக் கொண்டுவந்து கொஞ்சம் மீட்டார்கள். இருட்டு வந்ததும் மறுபடி ஏரியையே திறந்துவிட்டார்கள். அணு உலை ஆபத்து என்று மூடியதற்கான விலையை ஏரியும் மரமும் கொடுத்தன. சூழலைக் காக்க எடுத்த முடிவு சூழலையே தின்ற கதை.

1995 நவம்பரில் இரண்டாவது உலையை மட்டும் மீண்டும் ஓட்டினார்கள். எல்லைகள் மூடியிருந்ததால் அணு எரிபொருள் ரஷ்யாவிலிருந்து விமானத்தில் வந்தது! வீடுகளில் விளக்கு எரிந்தது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை அந்த ஒரே உலை கொடுத்தது. நம் கூடங்குளத்தில் இருப்பது இதே ரஷ்யக் குடும்பத்தின் புதிய, பெரிய உலை. மெட்சமோரில் உலையைச் சுற்றி அந்தக் கனத்த கான்கிரீட் கூடு கிடையாது. மூடுங்கள் என்று ஐரோப்பிய ஒன்றியம் பலமுறை வற்புறுத்தியது. மாற்று இல்லாமல் மூட மாட்டோம் என்று ஆர்மீனிய அரசுகள் தள்ளிப்போட்டன. அந்தக் குளிரில் கிடந்தவர்களை நம்மால் குறை சொல்ல முடியுமா?

விளக்கு வந்தது, கடனும் வந்தது. எரிபொருள் பாக்கிக்காக 2003-இல் மெட்சமோரின் நிதி நிர்வாகம் ஒரு ரஷ்ய நிறுவனத்தின் கைக்குப் போனது. ஹ்ராஸ்தான் அனல்மின் நிலையத்தையும் கடனுக்கு ஈடாகக் கொடுத்தார்கள். 2007-இல் ஈரானிலிருந்து எரிவாயுக் குழாய் வந்தது. ஈரான் எரிவாயு தரும், ஆர்மீனியா அதில் மின்சாரம் தயாரித்துத் திருப்பித் தரும். பழைய பண்டமாற்றுதான். அந்தக் குழாயும் பின்னர் ரஷ்ய நிறுவனத்தின் வசமே சேர்ந்தது.

2021-இல் பழுதுபார்த்து உலையின் ஆயுளை நீட்டினார்கள். புதிய உலை வாங்க ரஷ்யா, அமெரிக்கா, பிரான்ஸ், கொரியா என்று பலரிடமும் பேசுகிறார்கள். மெட்சமோரிலிருந்து துருக்கி எல்லை 16 கி.மீ.தான். 1993-இல் மூடிய அந்த எல்லை முப்பது ஆண்டுகள் கடந்தும் முழுதாகத் திறக்கவில்லை.