வெப்லி ரிவால்வர்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் வெப்லி நிறுவனம் செய்த கைத்துப்பாக்கி வகை. ஆறு தோட்டா கொள்ளும் சுழல் உருளை இதன் அடையாளம். 1887-இல் பிரிட்டிஷ் படையில் சேர்க்கப்பட்டது. படை அதிகாரிகளோடும் போலீஸ் அதிகாரிகளோடும் இந்தியாவுக்கு வந்தது.

வரலாறு: வெப்லி வரும் முன்பே கடலூர் வட்டாரத்துக்கு வெடிமருந்து புதிதல்ல. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு என்பது பேச்சு. குண்டு உப்பலவாடி என்னும் ஊர் இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. அக்காலத்துக் கைத்துப்பாக்கியோ ஒரு முறை சுட்டதும் மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டிய ஒற்றைக் குழல்தான்.

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836-இல் தம் நாட்டில் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கியில் ஒவ்வொரு வேட்டுக்கும் குதிரையை (தோட்டாவை அடிக்கும் சுத்தி) கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். லண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் 1851-இல் விசையை இழுத்தாலே குதிரை எழுந்து விழும்படி செய்தார். இரண்டு முறையும் ஒரே துப்பாக்கியில் அமையும்படி 1856-இல் திருத்தியவர் போமண்ட் என்னும் பொறியாளர் படை அதிகாரி. 1857 கிளர்ச்சியில் நெருங்கி நின்று போரிட்டவர்களுக்குக் கோல்ட்டின் சிறு குண்டைவிட ஆடம்ஸின் பெருங்குண்டே கைகொடுத்தது. குண்டு பெரிதாக இருக்கவேண்டும் என்ற பிடிவாதம் பிரிட்டிஷ் படையில் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். வெப்லியின் .455 அங்குலத் துளை அதன் வாரிசு.

வகைகள்: உருளையைத் திறக்கும் விதத்தால் ரிவால்வர்கள் மூன்று வகை. பக்கக் கதவு வழியே தோட்டாவை ஒவ்வொன்றாக இடுவது ஒன்று. உருளை பக்கவாட்டில் வெளியே வருவது ஒன்று. குழல் முன்பக்கம் மடிவது ஒன்று. படைக்கு வந்த வெப்லிகள் மூன்றாம் வகை. 1887-இன் முதல் மாதிரி தொடங்கி 1915-இன் ஆறாம் மாதிரி வரை உருமாறின. ஆறு அங்குலக் குழலோடு ஏறக்குறைய 1.1 கிலோ எடையுள்ள ஆறாம் மாதிரியே இவ்வகையில் தலைசிறந்தது. 1932-இல் ஏற்கப்பட்ட .38 துளை என்ஃபீல்டு, அரசாங்கத் தொழிற்சாலை வெப்லியைப் பார்த்துச் செய்த நகல்.

தமிழ்நாட்டில்: மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டது ரிவால்வரால் என்று எழுதுவோர் உண்டு, அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். மீது எம்.ஆர்.ராதா சுட்டதுதான் ரிவால்வர். கழுத்தில் பாய்ந்த அந்தக் குண்டால் எம்.ஜி.ஆரின் குரலே மாறிப்போனது.

இயக்கம்: விசையை இழுக்கும்போது உள்ளிருந்து ஒரு நெம்புபல் எழுந்து, உருளையின் பின்புறப் பற்சக்கரத்தைத் தள்ளி ஆறில் ஒரு சுற்று திருப்புகிறது. தோட்டா அறை குழலுக்கு நேரே வந்ததும் தடுப்புத் தாழ் விழுந்து உருளையைப் பூட்டும். அடுத்த நொடி குதிரை அடிக்கும். இடப்பக்க நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழல் மடிந்து, நட்சத்திர வடிவத் தகடு ஒன்று ஆறு தோட்டாக் கூடுகளையும் ஒன்றாக மேலே தூக்கிவிடும்.

பழைய ரிவால்வரைக் கையில் எடுத்தால் முதலில் ஆறு அறையும் காலியா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். பிறகு விசையை இழுத்துப் பிடித்தபடி உருளையை அசைத்துப் பார்ப்பார்கள். கலகலவென்று ஆடினால் தாழோ பல்லோ தேய்ந்திருக்கிறது. தோட்டா அறை குழலுக்கு நேரே நிற்காது, குண்டு குழல் விளிம்பைச் சிராய்த்து ஈயச் சிதறல் பக்கவாட்டில் தெறிக்கும். கீல் தளர்ந்திருந்தால் குழலுக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்.

பராமரிப்பு: கடலோரத்தில் இரும்புக்கு எதிரி உப்புக்காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் திருகாணித் தலைகளைச் சுற்றித்தான் துரு முதலில் பூக்கும். தோல் உறையிலேயே போட்டு வைப்பது பலரின் தவறு. தோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்கேறி விசையைப் பிடித்துக்கொள்ளும். தானே போன்ற புயலில் நனைந்த துப்பாக்கியை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தி எண்ணெயிட வேண்டும். கரிமருந்துக் காலத்துத் துப்பாக்கியில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டால் உருளையே பிளக்கலாம். பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்பதால் ஊர்ப் பட்டறைக்குக் கொண்டுபோகக் கூடாது.

இன்றைய நிலை: வெப்லியின் அமைப்பைத் தழுவிய .32 ரிவால்வர் கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. 2014-இல் வந்த நிர்பீக் அதன் இலகு வடிவம். உரிமம் தருபவர் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர். 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே. உரிமக் காலம் 5 ஆண்டுகள். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம்.