நியூட் வளர்ப்பு: லார்வா முதல் முதிர்ச்சி வரை

நியூட் என்பது சாலமாண்டர் குடும்பத்தைச் சேர்ந்த, வாலுள்ள சிறிய இருவாழ்வி. பார்வைக்குப் பல்லி போலத் தெரிந்தாலும் இதற்குச் செதில் இல்லை. ஈரத் தோல் வழியாகவும் மூச்சு விடும். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, ஆசியா, வட அமெரிக்கா ஆகியவற்றின் குளிர்ச்சியான பகுதிகளில் வாழ்கிறது. ஜப்பான், சீனா ஆகிய நாடுகளின் நெருப்பு வயிற்று நியூட்களும், ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ நாடுகளின் விலாவெலும்பு நியூட்டும் தொட்டிகளில் அதிகம் வளர்க்கப்படுகின்றன. நியூட் வளர்ந்து முதிர்வதற்குள் அதன் உடலும் வாழிடமும் மாறுகின்றன. ஆகவே ஒரு பருவத்தில் அதைக் காத்த ஏற்பாடே அடுத்த பருவத்தில் அதைக் கொன்றுவிடலாம்.

வளர்ச்சிப் பருவங்கள்

பெண் நியூட் பெரும்பாலும் முட்டைகளைத் தனித்தனியாக நீர்ச்செடி இலைகளில் இட்டு, பின்னங்கால்களால் இலையை மடித்து மூடுகிறது. முட்டையிலிருந்து வரும் லார்வாவுக்குத் தலையின் இருபுறமும் இறகு போன்ற வெளிச் செவுள்கள் இருக்கும். தவளையின் தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால்கள் முதலில் வெளியே தெரியும். நியூட் லார்வாவுக்கு முன்னங்கால்களே முதலில் முளைக்கின்றன. பெரும்பாலான தலைப்பிரட்டைகள் பாசியை மேயும். நியூட் லார்வாவோ தொடக்கம் முதலே ஊனுண்ணி. அசையும் இரையைத்தான் பிடிக்கும் என்பதால், புதிதாகப் பொரித்த ஆர்டீமியா என்னும் சிற்றிறால், நீர்த்தெள்ளு போன்றவற்றை உயிருடன் தர வேண்டும். நெருக்கமாக வளர்த்தால் ஒன்றின் காலையும் செவுளையும் மற்றொன்று கடித்துவிடும்.

உருமாற்றமும் தரைப் பருவமும்

சில மாதங்களில் செவுள்கள் சுருங்கி மறைகின்றன, வால் துடுப்பு குறைகிறது, தோல் தடிக்கிறது. இளம் உயிர்கள் பல இழக்கப்படும் கட்டம் இது. செவுள் சுருங்கத் தொடங்கியதுமே நீர்மட்டத்தைக் குறைத்து, ஏறி நிற்கப் பாசிக் கட்டையோ சாய்வான கல்லோ வைக்க வேண்டும். கரையேற இடமில்லாத குட்டி மூழ்கி இறந்துவிடும்.

பல இனங்களின் குட்டிகள் இதன்பின் நீரை விட்டு விலகி, ஈரமான இலைச்சருகுக்கடியில் வாழ்கின்றன. அமெரிக்கக் கிழக்கு நியூட் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு, மூன்று ஆண்டுகள் காட்டுத் தரையில் கழித்த பிறகே குளத்துக்குத் திரும்புகிறது. இத்தகைய குட்டிகளை நீரில் கட்டாயமாக விடக் கூடாது. ஈரப் பாசி, மரப்பட்டை, ஆழமற்ற நீர்க்கிண்ணம் கொண்ட காற்றோட்டமான பெட்டி போதும். பழ ஈ, நறுக்கிய மண்புழு ஆகியவை உணவு. குட்டி தானாகவே நீரில் இறங்கித் தங்கத் தொடங்குவது நீர்ப் பருவத்துக்கு அது தயாரானதன் அடையாளம்.

முதிர்ந்த நியூட்டின் தொட்டி

முதிர்ந்த நெருப்பு வயிற்று நியூட் பெரும்பாலும் நீரிலேயே வாழ்கிறது. தொட்டி நீர் 15 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருப்பது நல்லது. 25 டிகிரியைத் தாண்டினால் உணவை மறுத்து நோய்க்கு ஆளாகும். குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும். புதுத் தொட்டியைச் சில வாரங்கள் ஓடவிட்டு, அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகிய பின்னரே நியூட்டை விட வேண்டும். நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும் என்பதால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் பொருத்தமானது. வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகள் மறைவிடமாகும். சிறு கூழாங்கற்களை இரையுடன் விழுங்கிவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். ஈரமான கண்ணாடியில் நியூட் எளிதாக ஏறும். தப்பிய நியூட் தரையில் உலர்ந்து இறந்துவிடும் என்பதால் மூடி இறுக்கமாக இருப்பது அவசியம்.

வளர்ந்த நியூட்டுக்கு வாரம் இரண்டு, மூன்று முறை உணவு போதும். மண்புழு சிறந்த உணவு. ரத்தப் புழுவும் தரலாம். எஞ்சிய உணவை அன்றே அகற்ற வேண்டும். நியூட் தன் தோலை உரித்து அதையே தின்பது இயல்பு.

இனப்பெருக்க முதிர்ச்சி

ஆணுக்கு வாலின் அடிப்பகுதி பருத்திருப்பது முதிர்ச்சியின் அடையாளம். ஜப்பானிய ஆண் நியூட், வாலை வீசிப் பெண்ணை நோக்கி ஒரு வேதிப்பொருளை அனுப்புகிறது. சோடெஃப்ரின் என்ற இப்பொருள் 1995இல் கண்டறியப்பட்டது. பின்னர் ஆண் நீரின் அடித்தரையில் வைக்கும் விந்துப் பொதியைப் பெண் தன்னுள் எடுத்துக்கொள்கிறது. குளிர்காலக் குளிர்ச்சியை உணராத நியூட்கள் பெரும்பாலும் இனம் பெருக்குவதில்லை.

இவை நெடுநாள் வாழ்பவை. ஜப்பானில் ஒரே நியூட்களின் கண்வில்லை 16 ஆண்டுகளில் 18 முறை அகற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் அது குறையின்றி வளர்ந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. நியூட்டை வாங்குபவர் இருபது ஆண்டுப் பொறுப்பை ஏற்கிறார்.

நச்சும் நோயும்

நெருப்பு வயிற்று நியூட்டின் தோலில் பேத்தை மீனிலுள்ள அதே டெட்ரோடோடாக்சின் நஞ்சு உண்டு. தொட்டால் கையை நன்கு கழுவ வேண்டும். குழந்தைகளின் கையில் கொடுக்கக் கூடாது. சாலமாண்டர்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை 2013இல் விவரிக்கப்பட்டது. நெதர்லாந்தின் நெருப்புச் சாலமாண்டர்களை ஏறக்குறைய அழித்த இப்பூஞ்சை, ஆசியாவிலிருந்து வளர்ப்புப் பிராணி வணிகம் வழியாகப் பரவியதாகக் கருதப்படுகிறது. இதைத் தடுக்க அமெரிக்கா 2016இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. தொட்டி நீரை வாய்க்காலில் கொட்டுவதும், வேண்டாத நியூட்டை ஏரியில் விடுவதும் உள்ளூர்த் தவளைகளுக்கு ஆபத்து.

இந்திய நியூட்

டார்ஜிலிங் மலைகளிலும் கிழக்கு நேபாளத்திலும் வாழும் இமாலய நியூட், 2015இல் டைலோடோட்ரைட்டான் ஹிமாலயானஸ் என்ற தனி இனமாக விவரிக்கப்பட்டது. பருவமழையில் குளங்களுக்கு வந்து முட்டையிடுகிறது. டார்ஜிலிங் அருகே ஜோர்போக்ரியில் இதற்கெனச் சரணாலயம் உள்ளது. இப்பேரினம் முழுவதும் 2019 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. காட்டிலிருந்து இதைப் பிடித்து வளர்க்கக் கூடாது.

திண்டிவனம், மேல்சித்தாமூர் வட்டாரம்

தமிழ்நாட்டில் வாலுள்ள இருவாழ்வி எதுவும் இயற்கையில் இல்லை. தவளை, தேரை, காலற்ற சிசிலியன்கள் ஆகியவை மட்டுமே உண்டு.  செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள மேல்சித்தாமூர் பகுதியில் கோடை வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும். தை மாதப் பகலும் நியூட்டுக்கு ஒவ்வாத அளவு சூடானது. மின்விசிறி தொட்டி நீரைச் சில டிகிரிதான் குளிர்விக்கும். பனிக்கட்டி இட்டால் வெப்பநிலை ஏறி இறங்கி நியூட்டை நலிவிக்கும். குளிர்விப்பான் பொருத்தினாலும், ஒரு கோடைப் பகல் மின்தடை போதும், நீர் சூடேறிவிடும். மாற்று மின்வசதி இல்லாத வீட்டில் இங்கு நியூட் வளர்ப்பது அந்த உயிரைத் துன்புறுத்துவதாகவே முடியும்.

உருமாற்றத்தைக் காண விரும்பும் மாணவருக்கு இப்பகுதியின் ஏரிகளும் குட்டைகளும் போதும். மழைக்குப் பின் தேங்கும் நீரில் தேரையின் கரிய தலைப்பிரட்டைகள் கூட்டமாகத் திரிவதையும், அவற்றுக்குக் கால் முளைத்து வால் மறைவதையும், எந்த உயிரையும் அடைத்து வைக்காமல் கரையிலிருந்தே நாள்தோறும் குறித்து வரலாம்.