காலையில் எழுத்து, மாலையில் ஓதல்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையின் நடுப்பகுதியில், குன்றின் அடிவாரத்தில் அமைந்து, வடக்கே கெடாவுக்கும் தெற்கே பேராக்குக்கும் செல்லும் இரயில் பாதைகளின் சந்திப்பாக விளங்கும் புக்கிட் மெர்தாஜாமை, வெளியூரார் பெரும்பாலும் புனித அன்னம்மாள் தேவாலயத்தின் ஜூலை மாதத் திருவிழாவைக் கொண்டே அறிவர். அந்நகரமும் அதனைச் சூழ்ந்த, கம்பம் எனப்படும் சிற்றூர்களும் குழந்தைக் கல்வியின் சரித்திரத்தில் ஓர் இடத்துக்கு உரியவை என்பதை எடுத்துச் சொல்வோர் மிகக் குறைவு. இன்று அங்குள்ள இஸ்லாமியப் பாலர் பள்ளிகளில், வர்ணக் காகிதத்தையும் களிமண்ணையும் வைத்து விளையாடிய குழந்தை, அதே காலைப்பொழுதில் தொழுகைக்கு முன் ஒளுச் செய்து தூய்மையாகும் முறையையும் உண்ணுமுன் ஓதும் துஆ என்னும் வேண்டுதலையும் பயில்வதைக் கண்டு, இது நம் காலத்தின் புதுமை என்று வியப்போர் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. ஒன்றாயிருந்து பிரிக்கப்பட்ட இரண்டு மீண்டும் சேர்ந்த கதை இது. அவை பிரிக்கப்பட்டதும் இந்தச் செபராங் பிறையில்தான் தொடங்கிற்று.

1786இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கியதையும், 1800இல் எதிர்க்கரை நிலம் கெடா சுல்தானிடமிருந்து கும்பெனியார் வசமானதையும் தொடர்ந்து, சோழமண்டலக் கரையிலிருந்து மரைக்காயர்களும் ராவுத்தர்களும் லெப்பைகளும் வியாபார நிமித்தமாகவும் தொழில் நிமித்தமாகவும் இப்பிரதேசத்தில் குடியேறினர். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் 1801இல் ஜார்ஜ் டவுனில் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அந்தக் குடியேற்றத்தின் தலையாய சின்னம். பள்ளிவாசல் எழும்பிய இடத்தில், அதன் தாழ்வாரத்திலோ அண்டை வீட்டின் கூடத்திலோ, சிறுவர் ஓதும் பள்ளி ஒன்று தானாகவே தோன்றிவிடுவது அச்சமூகத்தின் சம்பிரதாயம். நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாள் நிரம்பிய குழந்தைக்குப் பிஸ்மி சொல்லிக் கொடுத்து ஓத வைப்பது இந்திய முஸ்லிம்களிடையே வழங்கிய மங்கலச் சடங்கு. இன்றைய மலேசிய அரசாங்கமும் பாலர் கல்விக்கு நான்கு வயதையே தொடக்கமாகக் கொண்டிருப்பது ஒரு சுவையான ஒற்றுமை.

அந்த ஓதும் பள்ளியைச் சற்று அருகிருந்து பார்க்க வேண்டும். பாயில் சம்மணமிட்டு அமர்ந்த பிள்ளைகள் எல்லாரும் ஏககாலத்தில் உரக்க ஓதிக் கொண்டிருக்க, ஒருவன் மட்டும் உஸ்தாதின் முன் தன் பாடத்தை ஒப்புவிப்பான். 'அலிஃபுக்கு ஜபர் அ, அலிஃபுக்கு ஜேர் இ, அலிஃபுக்கு பேஷ் உ' என்று தமிழ்ப் பிள்ளை இராகம் போட்டுச் சொல்லும். அதே வேளையில் அடுத்த கம்பத்தில் மலாய்ப் பிள்ளை, 'அலிஃப் டி அத்தாஸ் அ, அலிஃப் டி பாவா இ, அலிஃப் டி டெப்பான் உ' என்று அதே பாடத்தைத் தன் பாஷையில் பாடும். எழுத்தும் குறியும் கைவந்த பிறகு, சிறிய அத்தியாயங்கள் நிறைந்த கடைசிப் பாகமான அம்ம ஜுஸுவிலிருந்து ஓதல் தொடங்கி, முழுக் குர்ஆனையும் ஓதி முடித்த நாளில் தமிழர் வீட்டில் தமாம் என்றும் மலாய்க்காரர் வீட்டில் ஹத்தாம் என்றும் விருந்து நடைபெறும். வெள்ளிக்கிழமை விடுமுறை. பிரம்பும் உண்டு, அதனை மறைத்துப் பழமையைப் புகழ்வது நேர்மையாகாது. இமாம் கஸ்ஸாலியோ, ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே, பாடம் முடிந்த பிள்ளையை விளையாட விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்க வைத்தால் அதன் உள்ளம் செத்து அறிவு மழுங்கும் என்றும் தம் இஹ்யா நூலில் எழுதி வைத்தார். 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் விளையாட்டையே பாடமாக்கிப் பாலர் கல்விக்கு வித்திட்ட பிரோபெலுக்கு இந்தக் கருத்து அந்நியமாக இருந்திராது. கஸ்ஸாலியின் பெயரை நாள்தோறும் உச்சரித்த உஸ்தாதுகளில் பலருக்குத்தான் அது அந்நியமாயிற்று.

ஓதும் பள்ளியில் கற்பித்தது வேதம் ஓதுதல் மட்டும் என்று எண்ணுவது பிழை. அரபு எழுத்தைக் கற்ற மலாய்ப் பிள்ளை அதே எழுத்தால் ஜாவியில் தன் மொழியை வாசித்தது. தமிழ்ப் பிள்ளை அதே எழுத்தால் அரபுத்தமிழை வாசித்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் மார்க்கச் சட்டங்களை அரபுத்தமிழில் எழுதியபடியால், தமிழ் நெடுங்கணக்கையே அறியாத பெண்டிரும் தாய்மொழியில் மார்க்கம் கற்றனர். எழுத்தறிவும் நல்லொழுக்கமும் வழிபாடும் ஒரே பாயில் கிடைத்த காலம் அது.

இந்த ஒருமையைப் பிரித்த கரம் ஆங்கில அதிகாரி ஒருவருடையது. ஏ. எம். ஸ்கின்னர் என்பார் செபராங் பிறையில் உத்தியோகம் பார்த்த நாளில், அரசாங்கம் எவ்வளவு முயன்றும் மலாய்ப் பெற்றோர் தம் மக்களைச் சர்க்கார் பள்ளிக்கு அனுப்பத் தயங்குவதையும், அதே பெற்றோர் கம்பத்துக் குர்ஆன் வகுப்புக்கு வற்புறுத்தலின்றி அனுப்புவதையும் கவனித்தார். இருக்கின்ற குர்ஆன் வகுப்பின்மேலேயே மலாய்ப் பாடசாலையை ஒட்டு வைத்தால் என்ன என்ற யோசனை அவருக்குப் பிறந்தது. 1872இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் முதல் கல்வி மேற்பார்வையாளராக அவர் நியமிக்கப்பட்டபோது, செபராங் பிறையில் சோதித்த அந்த யோசனையே பொதுத் திட்டமாயிற்று. காலையில் மலாய் வாசிப்பும் எழுத்தும் கணக்கும், அதற்குச் சர்க்கார் சம்பளம். பிற்பகலில் குர்ஆன், அதற்குப் பெற்றோர் தரும் காணிக்கை. ஆசிரியர் பெரும்பாலும் ஒருவரே. மத போதனைக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாகாது என்ற கொள்கையும், மத போதனையில்லாத பள்ளிக்குப் பிள்ளை வாராது என்ற நடைமுறையும் ஒரு கடிகாரத்தால் சமரசம் செய்து வைக்கப்பட்டன.

தந்திரம் பலித்தது, மலாய்ப் பள்ளிகள் விரைவாகப் பெருகின. ஸ்கின்னரை நான் குறை கூற மாட்டேன். ஆனால் காலையில் கற்பது உலகத்துக்கு, மாலையில் கற்பது மறுமைக்கு என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் வேரூன்றியதற்கு அந்தக் கால அட்டவணையே காரணம் என்பதை மறுக்கவும் இயலாது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பதினைந்து முஸ்லிம் மாணவர் உள்ள பள்ளியில் மார்க்கக் கல்வியைக் கட்டாயமாக்கியபோது பிளவின் ஒரு பாதி அடைபட்டது. பாலர் பருவம் மட்டும் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

அதனைக் கவனித்தவர்களுள் முதன்மையானவர் புக்கிட் மெர்தாஜாமின் புதல்வர் என்பது இவ்வூருக்குப் பெருமை. இந்நகரை அடுத்த செரோக் தோக்குனில் 1947இல் பிறந்த அன்வார் இப்ராகிம், 1971இல் தோழர்களுடன் சேர்ந்து மலேசிய இஸ்லாமிய இளைஞர் இயக்கமான அபிமை ஸ்தாபித்தார். அவ்வியக்கம் எழுபதுகளில் தொடங்கிய தாஸ்கி என்னும் பாலர் பள்ளிகளில்தான் ஆட்டமும் பாட்டமும் அலிஃப் பாவும் தொழுகைப் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ், ஒரே காலைப்பொழுதில் மறுபடியும் சேர்ந்தன. பாஸ் என்னும் இஸ்லாமிய அரசியல் கட்சியினரின் பாஸ்தி பாலர் பள்ளிகளும் அதே நோக்கத்தோடு பெருகின. பிறகு இந்தோனேசியாவில் யோக்யகர்த்தாவைச் சேர்ந்த அஸ்அத் ஹுமாம் இயற்றிய ஆறு சிறு புத்தகங்களாலான இக்ரா முறை இங்கே பரவியது. எழுத்துக் கூட்டும் இராகம் ஓய்ந்து, குழந்தை நேரடியாகவே வாசிக்கலாயிற்று. பழைய இராகத்தின் இனிமையை இழந்தோம் என்று வருந்துவோரை நான் அறிவேன். ஆனால் இராகம் மட்டும் வாயில் தங்கி, வாசிப்பு வராமற் போன பிள்ளைகளும் அக்காலத்தில் உண்டு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமோ பாலர் பள்ளியையும் தேசியக் கல்வி அமைப்பில் சேர்த்து, ஐந்து முஸ்லிம் பிள்ளைகள் இருந்தாலே வாரம் இரண்டு மணி நேரமேனும் மார்க்கம் கற்பிக்க வேண்டும் என்று விதித்தது.

எழுத்தும் மார்க்கமும் இவ்வாறு ஒன்று சேர்ந்த இடத்துக்கு மூன்றாவதாக ஒன்று திரும்பி வரவில்லை, அது தமிழ். தமிழ்த் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த ஜாவி பக்கான் மக்கள் தலைமுறை தலைமுறையாக மலாய் மொழியைத் தம் வீட்டு மொழியாக்கிக் கொண்டது இயற்கையே. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் வீட்டில் இன்னும் அத்தா, உம்மா என்று அழைக்கும் பிள்ளை, பாலர் பள்ளியில் ஒழுக்கத்தையும் வழிபாட்டையும் வேற்று மொழியிலேயே கற்று, அரபுத்தமிழில் ஓதிய தன் பாட்டியின் ஏட்டைத் திறந்து பார்க்கவும் அறியாமல் வளர்வது சட்டத்தால் நேர்ந்த விதியன்று. அதே 1996ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய மொழியைக் கட்டாய பாடமாக வைத்துக்கொண்டு, பாலர் பள்ளியில் பிற மொழியையும் போதனா மொழியாகக் கொள்ளலாம் என்று வெளிப்படையாக அனுமதிக்கிறது. பினாங்கிலும் செபராங் பிறையிலும் உள்ள தமிழ் முஸ்லிம் ஜமாஅத்தார் இந்த அனுமதியைக் கையில் எடுக்க வேண்டும். பள்ளிவாசலை ஒட்டிய ஓர் அறையும், அகரத்தையும் அலிஃபையும் ஒருங்கே அறிந்த ஆசிரியை ஒருவரும் இருந்தால், வருகிற ஜனவரியிலேயே தொடங்கலாம்.