டெக்கோட்டோ, அலெக்ஸ் (1887–1917)

முதல் உலக மகாயுத்தத்தில் பெல்ஜிய மண்ணில் மாண்ட கனடியக் காலாட்படை வீரர். அதற்கு முன்பே ஓட்டப்பந்தய வீரராகவும், கனடாவின் பூர்வகுடியினருள் முதன்முதலாகப் போலீஸ் உத்தியோகம் ஏற்றவராகவும் கீர்த்தி பெற்றவர். 1887 நவம்பர் 19 அன்று, இன்றைய சஸ்காச்சுவான் மாகாணத்தில், பேட்டில்ஃபோர்டு நகருக்குத் தெற்கேயுள்ள ரெட் ஃபெசன்ட் என்னும் கிரீ மக்களின் குடியிருப்பில் பிறந்தார். 1885இல் கட்நைஃப் குன்றில் கனடியப் படை வந்து தாக்கியபோது, பவுண்ட்மேக்கர் என்னும் கிரீ தலைவரின் பக்கம் நின்று போரிட்டவர் இவருடைய தந்தை. அப்படையை ஏவிய அரசாங்கத்தின் சீருடையை முப்பது ஆண்டுகளுக்குப் பின் மகன் தாமே முன்வந்து அணிந்தார் என்பது, இச்சரித்திரத்தை வாசிப்போர் எளிதில் கடந்து செல்லலாகாத விஷயம்.

இளமையிலேயே தந்தையை இழந்த அலெக்ஸ், பேட்டில்ஃபோர்டு தொழிற்பள்ளியில் பயின்றபின் எட்மண்டன் நகரை அடைந்து, தமக்கையின் கணவருடைய பட்டறையில் வேலை செய்தார். 1910இல் லெத்பிரிட்ஜில் நடந்த மாகாணப் போட்டியில் அரை மைல், ஒரு மைல், இரண்டு மைல், ஐந்து மைல் ஆகிய நான்கு ஓட்டங்களிலும் முதலிடம் பெற்றார். 1911இல் எட்மண்டன் போலீஸில் சேர்ந்து, மோட்டார் சைக்கிளில் ரோந்து சென்ற முதல் காவலர்களுள் ஒருவரானார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் தகுதிச் சுற்றில் இரண்டாவதாக வந்தும், இறுதியோட்டத்தில் கால் தசைப்பிடிப்பால் பதக்கம் இழந்தார்.

1916இல் 202ஆம் பட்டாளத்தில் சேர்ந்தார். இங்கிலாந்தில் நடந்த ராணுவ ஓட்டம் ஒன்றில் இவர் வென்றபோது, பரிசுக் கோப்பை உரிய காலத்தில் வந்து சேராமையால், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம்முடைய தங்கக் கடிகாரத்தையே கழற்றி அளித்தார் என்பர். 49ஆம் பட்டாளத்துக்கு மாற்றப்பெற்று, பெல்ஜியத்தின் பாஷன்டேல் போர்க்களம் புகுந்தார். பீரங்கிக் குண்டுகள் வடிகால்களைச் சிதைத்துவிட, அடைமழையில் நிலமெல்லாம் சேற்றுக் குழிகளாகிப் பலகைப் பாதையினின்று கால் தவறியவன் மூழ்கி மடியும் அந்த இடத்தில், 1917 அக்டோபர் 30 அன்று, மறைந்திருந்த எதிரியின் குண்டுக்கு இரையானார், வயது 29. அன்றைய தாக்குதலில் இவருடைய பட்டாளம் பெரும்பகுதியை இழந்தது. சுட்டவனே கடிகாரத்தைக் கவர்ந்தான் என்றும், தோழர்கள் அதை மீட்டுத் தாயாரிடம் சேர்ப்பித்தனர் என்றும் வழிவழியாகக் கூறப்படுகிறது.

இத்தகையோர் உயிரீந்தும், குடியிருப்புகளில் வாழ்ந்த பூர்வகுடியினர் தம் உரிமைகளைத் துறக்காமலே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 1960 வரை காத்திருக்க நேர்ந்தது பெரும் அநீதியேயாகும். கிரீ முறைப்படி ஈமச்சடங்கு பெறாத ஆன்மா அலைந்து திரியும் என்னும் நம்பிக்கையினால், 1985இல் இவருடைய உற்றாரும் எட்மண்டன் போலீஸாரும் ராணுவத்தினரும் எட்மண்டனில் கூடி அச்சடங்கை நிறைவேற்றினர். உடல் பாஷன்டேல் புதிய பிரிட்டிஷ் கல்லறையில் உள்ளது. எட்மண்டன் நகர மையத்துப் பூங்கா ஒன்று இவர் பெயர் தாங்குகிறது.