கடல் உப்பில் அயடீன் இருக்கிறதா?

போரால் 1990இல் நின்றுபோன ஆனையிறவு உப்பளத்தில் மீண்டும் உப்பு விளைகிறது. அந்த உப்பென்றால் எங்கள் வீட்டில் தனிச் சந்தோசம். "கடல் உப்புத்தானே, எல்லாச் சத்தும் இருக்கும்" என்பார் அம்மம்மா. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் உப்பளத்தில் விளையும் உப்பில் அயடீன் மிகக் குறைவு, பின்னர்தான் சேர்க்கிறார்கள். இலங்கையில் 1995 முதல் இது சட்டம்.

தைரொயிட் சுரப்பி ஹோர்மோன் செய்வது அயடீனைக் கொண்டுதான். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம் போதும். கர்ப்பிணிக்கு 250 வேண்டும். குறைந்தால் கழுத்தில் கழலை வரலாம். கர்ப்பகாலத்தில் கடுமையாகக் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

அதற்காக உப்பைக் கூட்டிவிடாதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும். பைக்கற்றில் அயடீன் சேர்த்ததாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஈரமும் சூடும் அயடீனைக் குறைக்கும். அடுப்படியில் திறந்து கிடந்த எங்கள் உப்புச் சிரட்டைக்குப் பதிலாக இப்போது மூடிபோட்ட போத்தல். அம்மம்மாவும் கறியை இறக்கும்போதுதான் உப்புப் போடுகிறார்.