ஊதியம் கேளாத உழைப்பு: நுண்ரம்பம் சொல்லும் வரலாறு

'பொழுதுபோக்கு' என்னும் சொல்லைச் சற்று இளக்காரமாகவே வழங்க நாம் பழகிவிட்டோம். வயலில் நடப்பது வேலை. ஆலையில் நடப்பது தொழில். ஒருவர் மாலை வேளையில் தம் வீட்டு மூலையில் அமர்ந்து, எவரும் கேட்காத ஒரு பொருளை, எவரிடமும் கூலி பெறாமல் செய்துகொண்டிருந்தால், அது பொழுதைப் போக்கும் செயல் மட்டுமே. குருமடத்தில் பயின்ற நாள்களில் நாமும் இவ்வாறே எண்ணினோம். உடன் பயின்ற தோழர் ஒருவர் ஓய்வு நேரமெல்லாம் ஒட்டுப்பலகையை அறுத்து விண்மீன்களும் வானதூதர்களும் செய்துகொண்டிருந்தார். "நூலகத்தில் செலவிட வேண்டிய நேரத்தை மரத்தூளாக்குகிறீரே" என்று அவரைப் பரிகசித்தோம். அவர் சிரித்துக்கொண்டே ரம்பத்தைத் தொடர்ந்து இழுத்தார். அந்தப் பரிகாசம் எவ்வளவு அறியாமையில் பிறந்தது என்பதை, அவர் கையிலிருந்த கருவியின் வரலாற்றைப் பின்னாளில் கற்றபோதே உணர்ந்தோம்.

அந்தக் கருவியை ஆங்கிலேயர் 'ஃபிரெட் சா' என்பர். மிதியோடும் பொறியோடும் இணைந்தபோது அது 'ஸ்க்ரோல் சா' என்னும் பெயர் பெற்றது. நாம் இங்கே நுண்ரம்பம் எனக் குறிப்போம். வளைந்த சட்டம் ஒன்று. அதன் இரு நுனிகளுக்கும் இடையே இழுத்துக் கட்டிய, ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் நீளமுள்ள, நூல் போன்ற எஃகு அலகு. அவ்வளவே கருவி. வெளிக்கோட்டை அறுப்பது எளிது. பலகையின் நடுவே ஓர் இலை வடிவத்தை வெட்டியெடுக்க வேண்டுமெனில், முதலில் துரப்பணத்தால் சிறு துளையிட வேண்டும். அலகின் ஒரு முனையைக் கழற்றித் துளையினுள் நுழைத்து மீண்டும் முடுக்க வேண்டும். அறுத்து முடித்தபின் மறுபடியும் கழற்ற வேண்டும். நூறு துளைகள் உள்ள வேலைப்பாட்டுக்கு நூறு முறை கழற்றி நூறு முறை மாட்ட வேண்டும். அவசரப்படுவோரின் அலகு ஒடிந்துவிடும். பொறுமையை வலியுறுத்தும் கருவிகளுள் இதற்கு இணை அரிது.

துறவியர் கையும் அரசவைக் கையும்

மரத்துள் மரத்தைப் பதித்து ஓவியம் காட்டும் கலை இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டில் உச்சம் பெற்றது. அக்கலையில் சிறந்தோருள் துறவியரும் இருந்தனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1525இல் மறைந்த ஒலிவேத்தன் சபைத் துறவி வெரோனா ஜொவான்னி, வெரோனாவிலுள்ள சாந்தா மரியா இன் ஓர்கனோ ஆலயத்தில் செய்த பாடற்குழு இருக்கைகள் இன்றும் காண்போரை நிறுத்துகின்றன. பொலோஞ்ஞா நகரில் புனித தோமினிக் கல்லறை அமைந்த ஆலயத்தின் இருக்கைகளைத் தோமினிக்கன் சபைச் சகோதரர் பெர்கமோ தமியானோ 1528 முதல் 1549இல் தாம் இறக்கும் வரை இழைத்தார். இத்துறவியர் காலத்தில் இவ்வேலை பெரும்பாலும் கத்தியாலும் உளியாலும் நடந்தது. மெல்லிய எஃகு அலகு செய்யும் நுட்பம் 16ஆம் நூற்றாண்டில் வளர்ந்தபின், நுண்ரம்பம் அப்பணியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

அதன் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தியவர் பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் தச்சர் ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642 - 1732). பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டையும் ஒரே வீச்சில் அறுப்பது அவர் கையாண்ட முறை. அறுத்தபின் ஆமையோட்டின் வெற்றிடத்தில் பித்தளைப் பூ அமரும். பித்தளையின் வெற்றிடத்தில் ஆமையோட்டுப் பூ அமரும். ஒரே உழைப்பில் இரு வேலைப்பாடுகள். ஒன்றிலிருந்து வெட்டி நீக்கியது கழிவாகாமல் மற்றொன்றின் அழகாகிறது. இக்குறிப்பை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் முடிவில் இதற்குத் திரும்புவோம்.

18ஆம் நூற்றாண்டில் இக்கருவி அரண்மனையிலிருந்து பாட அறைக்குச் சென்றது. இலண்டனில் வரைபடங்கள் செதுக்கி விற்ற ஜான் ஸ்பில்ஸ்பரி, 1760களில் நாட்டுப் படங்களை மெல்லிய பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோடுகள் வழியே அறுத்து விற்றார். குழந்தைகள் துண்டுகளைப் பொருத்தியே புவியியல் கற்றனர். ஸ்பில்ஸ்பரி 1769இல் முப்பதாம் வயதிலேயே மறைந்தார். அவர் வணிகமாக்கிய அந்தப் பாடக் கருவியே பின்னாளில் 'ஜிக்சா புதிர்' என உலகெங்கும் பரவியது.

ஒரு பென்னிக்கு ஒரு பட்டறை

இதுவரை நாம் கண்டது தொழில். இனிக் காண்பது, கூலி கேளாதோரின் வருகை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைத் தொழில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேரூன்றியது. பொறியின் முன் நின்ற தொழிலாளி ஒரு பொருளின் ஏதோ ஒரு பகுதியை மட்டுமே நாளெல்லாம் செய்தார். முழுமையான பொருள் அவர் கையில் உருவாகவில்லை. அதே காலத்தில், சனிக்கிழமைப் பிற்பகல் விடுமுறை இங்கிலாந்தில் மெல்ல மெல்ல வழக்கத்துக்கு வந்தது; மாலையில் எரியும் விளக்கும், மலிவாக அச்சிட்ட தாளும் எளிய வீடுகளை எட்டின. பகலில் பறிபோன முழுமையை மாலையில் மீட்டுக்கொள்ளச் சாதாரண மக்கள் தேர்ந்த வழிகளுள் ஒன்று நுண்ரம்பம்.

இத்தாலியின் சொரெந்தோ நகர் மரப்பதிப்பு வேலைக்குப் புகழ்பெற்றது. அவ்வூர்ப் பெயராலேயே அமெரிக்கர் இக்கலையைச் 'சொரெந்தோ வேலை' என்றனர். ஆர்தர் ஹோப் என்பவர் பொழுதுபோக்காகப் பயில்வோருக்கென இதைக் குறித்து எழுதிய கையேடு 1876இல் சிகாகோவில் வெளியாயிற்று. காலால் மிதித்து இயக்கும் ரம்பங்களை அமெரிக்க நிறுவனங்கள் பல விற்றன. ஜெர்மானியரோ இக்கருவியை 'லௌப்சேகெ', அதாவது 'இலைத்தழை ரம்பம்' என அழைத்தனர். அந்நாட்டுச் சிறுவர் தலைமுறை தலைமுறையாக இதைக் கொண்டு கிறிஸ்து பிறப்புக் குடில்களை அறுத்துச் செய்தனர்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள டேரம் என்னும் சிற்றூரில் மெல்லிய பலகைகளையும் கருவிகளையும் விற்ற நிறுவனம் ஒன்று, 1895இல் 'ஹாபீஸ்' என்னும் வார இதழைத் தொடங்கியது. விலை ஒரு பென்னி. இதழோடு ஒரு மாதிரிப் படத்தாளும் இணைந்து வந்தது. படச்சட்டம், சுவர்த்தாங்கி, கடிகாரக் கூடு, பேராலய முகப்பு எனப் பலவகை மாதிரிகள் இக்கலைஞரிடையே புழங்கின. ஆண்டவர் கற்பித்த செபத்தின் எழுத்துகளைப் பலகையில் துளைத்தெடுப்போரும் பலர் இருந்தனர்.

மாதிரித் தாளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதைப் பலகையில் ஒட்டி அறுத்தால் வேலை முடியும்போது தாளும் சிதைந்துவிடும். ஆகவே சிக்கனம் அறிந்தவர் முதலில் அதைக் கரித்தாள் வைத்துப் படியெடுப்பார். ஒரு படியைத் தாம் வைத்துக்கொண்டு மற்றொன்றை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பார். பகிர்வு இக்கலையின் வேலைமுறைக்குள்ளேயே அமைந்திருந்தது. மெல்லிய பலகைகள் இரண்டு மூன்றை ஒன்றாக அடுக்கி அறுத்தால், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பிரதிகள் கிடைக்கும். வீட்டுக்கு ஒன்று போக எஞ்சியது கொடைக்கு.

எழுந்த எதிர்ப்பு

இக்கலையை எல்லாரும் போற்றினர் என்று எழுதினால் உண்மைக்கு மாறாகும். சுவீடன் நாட்டின் நேஸ் என்னுமிடத்தில் கைவேலைக் கல்விக்கு வித்திட்ட ஓட்டோ சாலமோன், பள்ளிக்கு ஏற்ற கைத்தொழில் எது என ஒவ்வொன்றாக எடைபோட்டார். தச்சு வேலையைத் தேர்ந்தார். நுண்ரம்ப வேலையை ஒதுக்கினார். அவர் தேடியது, மாணவரின் உடலை வலுப்படுத்தி, வாழ்வுக்குப் பயன்படும் பொருள் செய்யப் பழக்கும் கல்வி. குனிந்து அமர்ந்து செய்யும் அலங்கார வேலை அந்த அளவுகோலுக்குப் பொருந்தவில்லை. கலையறிஞர் பலரும், தூசு படியும் துளைப் பலகைகள் எளியோர் வீடுகளை நிரப்புவதைக் கண்டு முகம் சுளித்தனர்.

இவ்விமர்சனத்தில் நியாயம் உண்டு. அச்சிட்ட கோட்டைப் பிசகாமல் பின்பற்றுவது படைப்பாகுமா என்னும் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் விமர்சகர் ஒன்றைக் காணத் தவறினர் எனக் கருதுகிறோம். அவர்கள் பொருளை மட்டுமே பார்த்தனர். அதைச் செய்தவரைப் பார்க்கவில்லை.

வேலையிழந்தோரும் காயமுற்றோரும்

செய்பவரைப் பார்க்கும்படி வரலாறே இருமுறை வற்புறுத்தியது.

முதலாம் உலகப்போரில் கைகால் ஊனமுற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பினர். இலண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் படைவீரர் மருத்துவமனை முதலான இடங்களில் மருத்துவர்கள் பட்டறைகளை அமைத்தனர். அவ்வழியில் வளர்ந்த தொழில்வழிச் சிகிச்சையில் மிதி ரம்பத்துக்கு நிலையான இடம் கிடைத்தது. கணுக்காலும் முழங்காலும் இயக்கம் பெற மிதியை மிதிக்க வேண்டும். விரல்கள் நுட்பம் பெறப் பலகையைத் திருப்ப வேண்டும். வெறும் உடற்பயிற்சி எனில் நோயாளி சலிப்படைவார். தம் குழந்தைக்கு ஒரு பொம்மை உருவாகிறது எனில் வலியையும் பொறுத்துக்கொள்வார்.

இரண்டாவது, 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சி. 1933இல் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தார். 1932, 1933 ஆண்டுகளில் அந்நாட்டை ஜிக்சா புதிர் மோகம் ஆட்கொண்டது. அட்டையில் அச்சிட்ட மலிவுப் புதிர்கள் கடைகளில் குவிந்தன. அதே நேரத்தில் வேலையிழந்த தச்சரும் கட்டடக் கலைஞரும் தம் வீட்டு நிலவறைகளில் படங்களை ஒட்டுப்பலகையில் ஒட்டி, நுண்ரம்பத்தால் புதிர்கள் வெட்டினர். விலைகொடுத்து வாங்க இயலாதவருக்கென மருந்துக் கடைகளும் நூலகங்களும் அவற்றை வாடகைக்குத் தந்தன. அக்குடும்பங்களுக்குச் சில நாணயங்கள் கிடைத்தன. அதைவிட, "இன்று நான் ஒன்று செய்தேன்" என்று மாலையில் சொல்லும் உரிமை கிடைத்தது. வேலையின்மையின் கொடுமையை எம் பங்கு மக்களிடையே கண்டுவரும் நமக்கு, இவ்வுரிமை எத்துணை பெரிது என்பது தெரியும்.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 1909இல் அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மற்ற விளையாட்டுப் பொருள்களை நிறுத்தி வைத்துப் புதிர்களை மட்டுமே செய்தது. அங்கே ரம்பத்தின் முன் அமர்ந்தோர் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்கள் கையிலிருந்ததும் இதே அலகு. ஆனால் அங்கே அது நாளுக்கு இத்தனை துண்டுகள் எனக் கணக்குப் பார்த்தது. கருவி ஒன்றே, அதை இயக்குவோரின் நிலையோ வேறு.

மீண்டும் தளிர்த்த கலை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நெகிழியும் தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் நுழைந்தன. 'ஹாபீஸ்' வார இதழ் 1960களில் நின்றது. இக்கலை மறைந்தது என்றே பலர் எண்ணினர். 1970களில் ஜெர்மனியின் ஹெக்னர் நிறுவனம், அலகின் இழுவிசை மாறாமல் இரு இணைகரங்களில் இயங்கும் மின்ரம்பத்தை அளித்தது. பழைய மிதி ரம்பங்களிலேயே இருந்த தத்துவம் அது. புது வடிவில் திரும்பியது. அலகு ஒடிவது குறைந்தது. அமெரிக்க ஆசிரியர் பேட்ரிக் ஸ்பீல்மன் 1986இல் வெளியிட்ட கையேடு பல்லாயிரம் பேரை இக்கலைக்கு ஈர்த்தது. 2000ஆம் ஆண்டில் இதற்கெனவே தனி இதழ் தோன்றியது. இன்று பணி ஓய்வு பெற்றோர் பலர் தம் வேலைப்பாடுகளை ஒருவருக்கொருவர் காட்டியும், மாதிரிகளைக் கைமாற்றியும், பிழைகளைத் திருத்தியும் மகிழ்கின்றனர். மரவேலைக் கழகங்கள் பல கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென மர விளையாட்டுப் பொருள்கள் செய்து ஏழைக் குழந்தைகளுக்கு வழங்குகின்றன.

செய்தவர் யார்?

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைக் குறித்து வெளியிட்ட சுற்றுமடலில் ஓர் அடிப்படை வேறுபாட்டைத் தெளிவுபடுத்தினார். உழைப்பின் மதிப்பை முதன்மையாக நிர்ணயிப்பது செய்யப்படும் பொருளின் வகையன்று. செய்பவர் ஒரு மனித ஆள் என்பதே. சாலமோனின் அளவுகோலும் பார்க்கர் நிறுவனத்தின் கணக்கும் பொருளையோ பயனையோ அளந்தன. காயமுற்ற வீரரும் வேலையிழந்த தச்சரும் வேறோர் அளவைக்குச் சான்று பகர்கின்றனர். இதனால் உழைப்பாளிக்கு நியாயமான ஊதியம் தேவையில்லை என்று எவரும் முடிவுகட்டிவிட வேண்டா. அது நீதியின் கடன். உழைப்பின் மாண்பு ஊதியத்தோடு தொடங்கி ஊதியத்தோடு முடிவதில்லை என்பதே நாம் சொல்ல விழைவது. நாசரேத்தூரில் தச்சராக வாழ்ந்த நம் ஆண்டவர், போதிப்பதற்கு முன் பல்லாண்டுகள் மரத்தோடு செலவிட்டார். அந்த ஆண்டுகளை வீண் என்று சொல்லத் துணிவோர் நம்மில் எவருமில்லை.

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். ஓய்வு பெற்ற தந்தை எதையோ தட்டிக்கொண்டும் அறுத்துக்கொண்டும் இருக்கையில், "இதனால் என்ன வரும்?" என்று கேட்கிறோம். மகள் கோலத்துக்குச் செலவிடும் நேரத்தையும் மகன் ஓவியத்துக்குச் செலவிடும் நேரத்தையும் தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுக் கடிந்துகொள்கிறோம். அக்கேள்வியைச் சற்று மாற்றி, "இதனால் இவர் என்னவாகிறார்?" என்று கேட்டால், விடை பல வேளைகளில் நம்மை நாணச் செய்யும்.

பூல் அடுக்கி அறுத்த இரு தகடுகளை இங்கே நினைவுகூர்வோம். ஒன்றிலிருந்து வெட்டப்பட்டது மற்றொன்றை நிறைவு செய்தது. ஒருவர் தம் வாழ்நாளிலிருந்து அறுத்தெடுத்துப் பிறர்க்கென அளிக்கும் மாலைப்பொழுதும் அத்தகையதே. அது எங்கோ ஒரு வெற்றிடத்தில் பொருந்தி அமர்கிறது. குருமடத் தோழர் அன்று அறுத்துத் தந்த விண்மீன்களுள் ஒன்று, நாம் பணியாற்றிய பங்குகளுக்கெல்லாம் எம்மோடு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் அதைக் குடிலின்மேல் தொங்கவிடுகிறோம். அந்நாளில் நூலகத்தில் நாம் படித்தவற்றுள் மறந்தவை பல. அவர் அறுத்த விண்மீனின் ஐந்து முனைகளில் ஒன்றுகூட இன்னும் உடையவில்லை.