லென்ஸ் விலையும் நம் வீட்டுக் கணக்கும்: ஒரு சிறு வரலாறு

நம் எம்.கே.பி. நகரிலும் பக்கத்தில் வியாசர்பாடி, பெரம்பூர், கொடுங்கையூரிலும் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் தோளில் கேமரா பையோடு ஓர் இளைஞர் நிற்பார். இவர்களின் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று: "கேமராதான் வாங்கியாச்சே, லென்ஸுக்கு வேற இவ்வளவு பணமா?"

கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது. கேமராவோடு வரும் சாதாரண லென்ஸ், தூரத்துப் பொருளைப் பெரிதாக்கும்போது அதன் துவாரம் பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். எஃப் 2.8 லென்ஸ் அதைப்போல் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். விடியற்காலைக் காசிமேடு, விளக்கு மங்கிய மண்டபம் போன்ற இடங்களில் படம் தெளிவாக வருமா, கலங்கிப்போகுமா என்பதை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்கிறது. அதற்குப் பெரிய கண்ணாடிகள் வேண்டும், நுட்பமாகத் தேய்க்க வேண்டும். அதனால் 50 மி.மீ. சிறிய லென்ஸ் பத்து, பதினைந்தாயிரத்தில் கிடைக்கும்போது, பெரிய கம்பெனிகளின் 70-200 எஃப் 2.8 லென்ஸ் புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது.

இந்தக் கருவி எப்போதும் பணம் உள்ளவர் கையில்தான் முதலில் இருந்தது. 1839இல் பாரிஸில் ஒளிப்படக்கலை அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சென்னையில் ஒளிப்படச் சங்கமே தொடங்கிவிட்டது. படம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேய அதிகாரிகள், ராணுவத்தினர், மருத்துவர்கள். லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படமெடுத்தார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் நின்ற மக்களைப் படமெடுத்தவர் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. எடுத்தவர் பெயர் வரலாற்றில் நின்றது. எடுக்கப்பட்டவர்கள் பெயரில்லாமல் போனார்கள். லென்ஸ் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது.

1900இல் கோடாக் நிறுவனம் ஒரு டாலருக்கு பிரௌனி கேமராவை விற்றது. ஆனால் நம் ஊர்க் குடும்பங்களுக்குக் கேமரா என்பது வெகுகாலம் ஸ்டுடியோக்காரரிடம் மட்டுமே இருந்த பொருள். சுதந்திரத்துக்குப் பிறகு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அமைந்து, 1967இல் உற்பத்தி தொடங்கியது. பிலிம் உள்நாட்டில் கிடைத்தது. நல்ல கேமராவும் லென்ஸும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடும் வரியும் கடுமை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் பீச் ஸ்டேஷன் அருகே உருவான பர்மா பஜார்தான் அந்தக் காலத்தில் நம் வடசென்னைக்காரர்கள் வெளிநாட்டுப் பொருளைக் கண்ணால் பார்த்த இடம். 1991க்குப் பிறகு சந்தை திறந்தது. பொருள் கடைக்கு வந்தது. பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

அதற்கு நம் தெருக்களில் பழைய பதில் ஒன்று உண்டு: ஏலச்சீட்டு. 20 பேர், மாதம் 2,000 ரூபாய், 20 மாதம் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுத் தொகை 40,000. அவசரம் உள்ளவர் 8,000 தள்ளி ஏலம் எடுத்தால் கைக்கு 32,000 வரும். நடத்துபவர் கமிஷன் 5 சதவீதம் என்றால் 2,000. மீதி 6,000 இருபது பேருக்கும் தலா 300 ரூபாயாகப் பிரியும். அந்த மாதம் எல்லோரும் 1,700 கட்டினால் போதும். ஐந்தாவது மாதமே எடுத்தவருக்கு லென்ஸ் கையில் வந்துவிடும். மீதி 15 மாதம் அதை வைத்து உழைத்தே கட்டலாம். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்திருக்க வேண்டும். தெரிந்தவர்தானே என்று பதிவில்லாத சீட்டில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் எல்லாப் பகுதியிலும் உண்டு. கேட்டுப் பார்த்துச் சேருங்கள்.

இன்னொரு பதில், அம்மாவின் உழைப்பு. ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார் மதுரை மாவட்டத்துக்காரர். அம்மா மீன் விற்றவர். அவருடைய முதல் கேமரா கடன் பணத்தில் வந்தது. மலக்குழி மரணங்களையும் துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையையும் காட்டிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு அவர்தான் ஒளிப்பதிவு. இன்று 'பாரி' என்னும் ஊரக இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகத்தின் ஒளிப்படக் கலைஞர். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருதின் முதல் விருதைப் பெற்றார். துப்புரவுத் தொழிலாளர்கள், மீனவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கேமரா கொடுத்துக் கற்றுத்தருகிறார். அப்படிக் கற்ற வடசென்னைப் பிள்ளைகள் எடுத்த படங்கள் சென்னையில் கண்காட்சியாகவும் வைக்கப்பட்டன.

இது ஏன் முக்கியம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் நம் பகுதியைச் சூழ்ந்தது. அதே நாட்களில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுத்தன. இப்படிப்பட்ட நேரத்தில் படம்தான் சாட்சி. வெளியிலிருந்து வருபவர் ஒரு நாள் எடுத்துவிட்டுப் போவார். தண்ணீர் எந்த வீட்டில் எத்தனை நாள் நின்றது என்பது இங்கேயே குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: லென்ஸ் கேட்கும் பிள்ளையை ஊதாரி என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் ஒன்று: அம்மாவின் சங்கிலியை அடகுக்கடைக்கு அனுப்பாதீர்கள். முதலில் சிறிய 50 மி.மீ. வாங்குங்கள். பெரிய லென்ஸை ஆர்டர் வரும் நாளில் வாடகைக்கு எடுங்கள். பழைய லென்ஸ் என்றால் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே லென்ஸை வாங்கி முறை வைத்துப் பயன்படுத்துவதும் நடக்கக்கூடியதே. அதற்கு நம் சங்கம் பொறுப்பேற்க முடியுமா என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசலாம். மகாகவியின் பெயரைத் தாங்கிய நகரின் கதையை நம் பிள்ளைகளே படமெடுத்து வைக்கட்டும்.